கொட்டலசு சிப்பியும் அல்ல, கல்லும் அல்ல

கடலோரப் பாறைகளில் சின்னஞ்சிறு எரிமலைகளைப் போல அடர்ந்து ஒட்டியிருக்கும் கொட்டலசை, அதாவது பார்னக்கிளை, சிப்பி இனம் என்று கருதுவதே முதல் தவறு. பேரறிஞர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதை, சிப்பியும் நத்தையும் அடங்கிய மெல்லுடலிகளோடு சேர்த்திருந்தார். 1830இல் ஜான் வாகன் தாம்சன் அதன் இளவுயிரிகள் நீந்தித் திரிந்து உருமாறுவதை விளக்கிய பிறகுதான், அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு என்பது தெளிவாயிற்று. ஓட்டுக்குள் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, கால்களை வெளியே நீட்டி, நீரிலுள்ள நுண்ணுயிர்களை வாரி உண்ணும் விலங்கு அது.

பல தகடுகள் இணைந்த சுவரும், உச்சியில் திறந்து மூடும் தகடுகளும் இருந்தால் அது கொட்டலசு. கூம்புத் தொப்பி போன்ற ஒற்றை ஓடு லிம்பெட் நத்தைக்கு உரியது. வளைந்து நெளிந்த சுண்ணக் குழாய், குழாய்ப்புழுவின் வீடு. மிதந்துவரும் மரக்கட்டையில் சதைக்காம்போடு தொங்குவதும் கொட்டலசே என்பதைப் பலர் நம்புவதில்லை. நெருக்கடியான இடத்தில் அது குழாய்போல் உயர்ந்து வளர்வதால், உருவத்தை மட்டும் பார்த்து இன்ன இனம் என்று முடிவுகட்டுவதும் சரியன்று.

நீர் வற்றிய வேளையில் அசையாதிருப்பதை இறந்ததாக எண்ணிப் பெயர்த்தெடுப்பது இன்னும் பெரிய தவறு. ஈரம் உலராதிருக்கவே அது தகடுகளை மூடிக்கொள்கிறது. மூடித் தகடுகள் இருக்கும்வரை உயிர் இருப்பதாகவே கொள்ள வேண்டும், குத்திப் பார்க்க வேண்டியதில்லை. வளர்ந்த கொட்டலசைப் பெயர்த்தால் அது மீண்டும் ஒட்டி வாழாது. இடம்பெயர முடியாத அவ்வுயிர், உடலைக் காட்டிலும் நீண்ட ஆணுறுப்பை நீட்டி எட்டும் தூரத்து அண்டையோடே பெரும்பாலும் இணைசேர்கிறது என்பதால், இடையிடையே சுரண்டியெடுப்பது எஞ்சியவற்றின் இனப்பெருக்கத்தையும் குறைத்துவிடும். வெற்றோடுகளையும் விட்டுவைக்கலாம், சிறு நத்தைகள் அவற்றுள் ஒதுங்குகின்றன.

கல்லைப் புரட்டிப் பார்த்தவர்கள் முன்பிருந்த பக்கமே மேலிருக்கும்படி அதைத் திருப்பி வைக்க வேண்டும். நடப்பவர்கள் வெறும் பாறையிலோ மணலிலோ கால்வைப்பது நல்லது. கரையொதுங்கிய ஆமையின் ஓட்டிலிருந்து கொட்டலசைக் கத்தியால் நெம்பி எடுப்பதோ, பரிவினால் செய்யப்பட்டாலும், ஓட்டையும் தோலையும் புண்ணாக்கக்கூடியது. அதை வனவிலங்கு மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.