சாயத்தில் இல்லாத குறை: நிறத்தைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸ் நகரின் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவின் பொறுப்பை 1824ஆம் ஆண்டு ஏற்ற வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ருலிடம், ஆலையின் கறுப்பு நூல் போதிய அழுத்தமின்றி வெளிறித் தெரிகிறது என்ற புகார் வந்தது. அந்த நூலை வேறு ஆலைகளின் கறுப்பு நூலோடு வைத்து ஒப்பிட்ட அவர், சாயத்தில் ஒரு குறையும் இல்லை என்று கண்டார். கறுப்புக்குப் பக்கத்தில் நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவுமே அதன் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டின. இதிலிருந்து தொடங்கிய ஆய்வுகளை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார். நிறம் என்பது பொருளின் மேல் ஒட்டியிருக்கும் ஒன்று, அதைத் தனியே எடுத்து மதிப்பிடலாம் என்ற எண்ணமே முதல் தவறு என்று அந்தப் புகார் அன்றே காட்டிவிட்டது. பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைப்பவை.

கணினித் திரையில் ஒரு சிறு கட்டத்தைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே சுவர் முழுவதற்கும், மெல்லிய கோட்டுக்கும், சிறிய எழுத்துக்கும் பயன்படுத்துவது இன்றும் வழக்கமாக இருக்கிறது. நிறம் எந்த அளவில், எந்த நிறத்துக்கு அருகில் அமையப்போகிறதோ அங்கே வைத்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். குறிப்பாக நீலத்தில் கவனம் தேவை. நிறத்தை உணரும் கண் செல்களான கூம்பு செல்களில், நீலம் போன்ற குறுகிய அலைநீள ஒளியை உணர்பவை விழித்திரையில் எண்ணிக்கையில் மிகக் குறைவு; பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் நடுப்புள்ளியில் அவை அறவே இல்லை. அதனால் கறுப்புப் பின்னணியில் அடர்நீலத்தில் அச்சிட்ட சிறிய எழுத்தைப் படிக்க நல்ல பார்வை உள்ளவரும் சிரமப்படுவார்.

வெளிச்சத்தை மறப்பது அடுத்த தவறு. பட்டுச்சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியைக் கடை விளக்கின் கீழே அருகருகே வைத்துப் பார்த்து வாங்கி வந்தவர்கள், மறுநாள் காலை வெயிலில் இரண்டும் வேறு வேறு நிறமாக நிற்பதைக் கண்டிருப்பார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்கத் தோன்றும்; உண்மையில் அங்கே ஏமாற்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. வெவ்வேறு சாயக் கலவைகள் ஒளியின் வெவ்வேறு அலைநீளங்களைத் திருப்பி அனுப்பினாலும், ஒரு குறிப்பிட்ட விளக்கின் கீழே கண்ணின் மூவகைக் கூம்பு செல்களையும் ஒரே அளவில் தூண்டினால், நமக்கு அவை ஒரே நிறமாகவே தெரியும். விளக்கு மாறியதும் அந்தச் சமன்பாடு குலைந்துவிடுகிறது. சாயத் தொழிலில் உள்ளவர்கள் இதை நன்கு அறிவார்கள். லேப் டிப் எனப்படும் மாதிரித் துணியை அவர்கள் பலவகை விளக்குகள் பொருத்திய லைட் பாக்ஸ் என்ற பெட்டியில் வைத்து, பகல் வெளிச்சத்துக்குரிய 6500 கெல்வின் விளக்கிலும், கடைகளில் எரிவது போன்ற விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே ஒப்புதல் தருகிறார்கள். அந்தப் பெட்டி இல்லாதவர் துணியை வாசலுக்கு எடுத்துச் சென்று பார்ப்பதே போதுமானது. நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவரும் அந்தச் சோதனை முற்றிலும் சரியானது.

நான் மிகுந்த கவலையோடு பார்ப்பது, அளவுகளை நிறத்தால் காட்டும் வரைபடங்களில் நடக்கும் தவறு. வெப்பநிலை, மழையளவு, கடலின் ஆழம், உடல் உறுப்பின் ஸ்கேன் என எதை எடுத்தாலும், நீலத்தில் தொடங்கிப் பச்சை, மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடியும் வானவில் வரிசையே நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. இந்த வரிசை கண்ணைக் கவர்கிறது, ஆனால் தரவைத் திரித்துவிடுகிறது. ஒரு நிறம் இன்னொன்றைவிட அதிகம் என்று கண் உணர்வது பெரும்பாலும் அதன் வெளிர்மையை வைத்துத்தான். அடர்த்தியிலிருந்து வெளிர்மைக்கு ஒரே சீராக ஏறும் வரிசையை யாரும் சொல்லித்தராமலே நாம் படித்துவிடுகிறோம். வானவில் வரிசையிலோ மிக வெளிர்ந்த நிறமான மஞ்சள் நடுப்பகுதியில் அமைந்து, இரு முனைகளும் அடர்ந்துவிடுகின்றன. அதனால் தரவில் சிறிய மாற்றமே உள்ள இடத்தில் மஞ்சள் ஒரு பொய்யான எல்லைக்கோட்டை வரைந்து காட்டுகிறது. பச்சை அகலமாகப் பரவியுள்ள இடத்தில் உண்மையான மாற்றம் மறைந்துபோகிறது. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் மிக அதிகமும் மிகக் குறைவும் ஒரே சாம்பலாகிவிடும். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் தமனிகளின் படங்களில் நோய்க்கு இடம் தரும் பகுதிகளைக் கண்டறியும்படி பங்கேற்றவர்களிடம் சொன்னபோது, வானவில் வரிசையைவிட வெளிர்மை முறையாக மாறும் வரிசையில் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஒரு வரைபடத்தின் நிறத்தேர்வு நோயாளியின் உடல்வரைக்கும் செல்லக்கூடியது என்பதால்தான் இதை அழகியல் விருப்பமாக மட்டும் விட்டுவிட முடியாது என்கிறேன்.

தரவை வரைபடமாக்கும் மென்பொருள்களும் திருந்தின. மேட்லேப் 2014இல் வானவில் வரிசையைக் கைவிட்டு, வெளிர்மை சீராக ஏறும் பாருலா என்ற வரிசையைத் தன் இயல்புத் தேர்வாக்கியது. மேட்பிளாட்லிப் 2017இல் அதே போன்ற விரிடிஸ் என்ற வரிசைக்கு மாறியது. ஆனால் இதைச் சரிசெய்யப் போய் இன்னொரு தவறு செய்கிறவர்கள் உண்டு. நீலத்திலிருந்து வெண்மை வழியாகச் சிவப்புக்குப் போகும் இருமுனை வரிசை, சராசரிக்கு மேல், சராசரிக்குக் கீழ் என்று பொருளுள்ள ஒரு நடுப்புள்ளி இருக்கும்போது மட்டுமே பொருந்தும். மழை இயல்பைவிட எவ்வளவு கூடியது, குறைந்தது என்று காட்ட அது சிறந்தது. மொத்த மழையளவைக் காட்ட அதைப் பயன்படுத்தினால், இல்லாத ஒரு நடு எல்லையைப் படிப்பவர் மனத்தில் உருவாக்கிவிடுகிறோம்.

செய்தியை நிறத்தால் மட்டுமே சொல்வது அடுத்தது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உள்ளது. பெண்களில் அது 200 பேரில் ஒருவர் அளவே. மற்ற மக்களிடம் இந்த விகிதம் மாறுபட்டாலும் எங்குமே புறக்கணிக்கத்தக்க அளவில் இல்லை. இந்திய உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் அச்சிடப்பட்டு வந்தன. இக்குறைபாடு உள்ளவர்கள் குழப்பிக்கொள்ளும் நிற இணைகளில் பச்சையும் பழுப்பும் அடங்கும்; வடிவமும் ஒன்றாகவே இருந்ததால் அவர்களுக்கு வேறு துணை எதுவும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் அசைவக் குறியை வட்டத்திலிருந்து முக்கோணமாக மாற்றியதை, நிறத்தைப் பற்றி எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். நிறம் அப்படியே இருக்க, வடிவம் துணைக்கு வந்தது. மழைக்காலத்தில் மாவட்ட வரைபடங்களில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் பூசி வெளியிடுகிறவர்கள், ஒவ்வொரு மாவட்டத்தின் மேலும் எச்சரிக்கையின் பெயரையும் எழுதிவிட்டால் அதே பயன் கிடைக்கும்.

நிறச்சாயல், அதாவது சிவப்பா பச்சையா என்பது, வேறாக இருந்தாலே எழுத்து தெளிவாகத் தெரியும் என்ற நம்பிக்கையும் இதைச் சார்ந்ததே. இணையதளங்களுக்கான அணுகல் நெறிமுறை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு விகிதத்தைக் கோருகிறது. வெள்ளையின் மேல் கறுப்பு 21:1 தரும். திரையின் முழுச் சிவப்பை முழுப் பச்சையின் மேல் வைத்தாலோ, கண்ணுக்கு எவ்வளவு வேறாகத் தோன்றினாலும், விகிதம் 3:1ஐக்கூட எட்டுவதில்லை.

கடைசியாக, நிறத்துக்கு நிலையான ஓர் உளவிளைவு உண்டு என்று எழுதுவது. சியாட்டில் கடற்படைச் சிறையில் 1979இல் அறையொன்றுக்கு இளஞ்சிவப்பு பூசியபோது கைதிகளின் மூர்க்கம் தணிந்ததாகச் சொல்லப்பட்டது. பல சிறைகள் அதைப் பின்பற்றின. பின்னாளில் சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் வெள்ளை அறையோடு ஒப்பிட்டுக் கட்டுப்பாடுகளோடு செய்த சோதனையில் அந்த விளைவு தென்படவில்லை. சூழலும் பொருளை மாற்றும்: நம் பங்குச் சந்தைத் திரைகளில் சரிவைக் குறிக்கும் சிவப்பு, சீனாவில் ஏற்றத்தைக் குறிக்கிறது. ஆய்வு செய்கிறவர்கள் சிவப்பு அறையையும் நீல அறையையும் ஒப்பிடும்போது, இரண்டின் வெளிர்மையையும் செறிவையும் சமப்படுத்தாமல் விட்டால், கிடைத்த வேறுபாடு நிறச்சாயலால் வந்ததா, அறை இருண்டதால் வந்ததா என்று பிரிக்கவே இயலாது. அறிக்கையில் “சிவப்பு” என்று மட்டும் எழுதாமல், நிறமானியால் அளந்த மதிப்பையும், எரிந்த விளக்கின் தன்மையையும், பங்கேற்றவர்களின் நிறப்பார்வை சோதிக்கப்பட்டதா என்பதையும் சேர்த்து எழுதினால்தான், இன்னொருவர் அதே சோதனையை இன்னோர் ஊரில் திரும்பச் செய்து பார்க்க முடியும்.