டி செல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் உயிரித் தொழில்நுட்ப மாணவர்களுக்கு நோயெதிர்ப்பியல் நடத்துகிறேன். நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்லின் ஏற்பி கிருமியின் துணுக்கை அடையாளம் கண்டதும் அந்தச் செய்தி செல்லுக்குள் எப்படிச் செல்கிறது என்ற வினாவுக்கு, நன்றாகப் படிப்பவர்கள்கூடத் திரும்பத் திரும்ப அதே தவறுகளைச் செய்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

முதல் தவறு, ஏற்பியையே கைனேஸ், அதாவது புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி, என்று எழுதுவது. தானே கைனேஸாகவும் இருக்கும் இன்சுலின் ஏற்பியை முதலில் படித்துவிடுவதால் வரும் குழப்பம் இது. டி செல் ஏற்பிக்கு அந்தத் திறன் கிடையாது. எல்சிகே என்னும் கைனேஸ்தான் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து, ஏற்பியோடு இணைந்த சிடி3, ஸீட்டா என்ற புரதச் சங்கிலிகளில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் ஏற்றுகிறது.

பாஸ்பேட் ஏறினாலே நொதி விழித்துக்கொள்ளும் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. ஒரு மாணவி கரும்பலகையில் எல்சிகேயை வரைந்து, 394, 505 ஆம் இடங்களில் உள்ள இரண்டு டைரோசின்களுக்கும் பாஸ்பேட் வட்டமிட்டு, இரண்டின் அருகிலும் 'செயல்படும்' என்று எழுதினார். 394இல் ஏறும் பாஸ்பேட் எல்சிகேயைச் செயல்பட வைக்கிறது என்பது சரி. ஆனால் 505இல் சிஎஸ்கே என்ற மற்றொரு கைனேஸ் ஏற்றும் பாஸ்பேட், எல்சிகேயை மடக்கிப் பூட்டிவிடுகிறது. அதைக் கழற்றிப் பூட்டைத் திறப்பது சிடி45 என்னும் பாஸ்பட்டேஸ், அதாவது பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி. சிடி45 இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாடு ஏற்படுகிறது என்பதை அறிந்தவர், பாஸ்பட்டேஸ்களை வெறும் தடைகள் என்று எழுதமாட்டார்.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரினைக் கைனேஸ் தடுப்பான் என்று எழுதுவதும் இதே குழப்பத்தின் கிளைதான். அது தடுப்பது கால்சிநியூரின் என்ற பாஸ்பட்டேஸை.

எல்சிகேக்கு அடுத்து வருவது ஸாப்-70 என்ற கைனேஸ். பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பற்றும் எஸ்எச்2 என்ற தன் இரண்டு பகுதிகளாலும், ஏற்பியின் சங்கிலிகளில் அருகருகே பாஸ்பேட் ஏறிய இரண்டு டைரோசின்களை ஒருசேரப் பற்றினால்தான் அது உறுதியாக நிற்கும். ஒன்று மட்டும் ஏறியிருந்தால் பிடி தளரும். அதன் பிறகே அது லாட் என்ற இணைப்புப் புரதத்தில் பாஸ்பேட் ஏற்றுகிறது.

செல்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால் வேலையும் நடக்கும் என்று எழுதுவோரும் உண்டு. ஸாப்-70 குறைபாட்டோடு பிறந்த குழந்தையின் இரத்தத்தில், டி செல்களில் ஒரு வகையான சிடி8 செல்கள் அநேகமாக இருப்பதில்லை; மற்றொரு வகையான சிடி4 செல்களோ எண்ணிக்கையில் போதுமான அளவு இருந்தும், ஏற்பியில் பட்ட செய்தி உள்ளே போய்ச் சேராததால், கிருமி வந்தும் அவை பெருகி எழுவதில்லை.