ஓசையுடன் ஓர் எளிய அனிமேஷன்: மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

அனிமேஷன் மென்பொருளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது தூரிகைகளையும் வண்ணங்களையும்தான். படத்தில் ஓசையும் வேண்டுமென்றால் இந்த வரிசையை மாற்றி, அந்த மென்பொருள் ஒலியை எப்படிக் கையாளுகிறது என்பதை முதலில் சோதித்துவிட வேண்டும். வரையும் வசதி குறைவாக இருந்தால் தாளில் வரைந்து, கைப்பேசியில் படம் பிடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஒலியும் அசைவும் ஒட்டாமல் போனால் அவ்வளவு எளிதில் சரிசெய்ய முடியாது.

வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாளில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒரு பள்ளி மாணவர் குழு அரை நிமிடப் படமாக எடுக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தை வரைவதில் பெரிய சிரமம் இல்லை; சிரமமெல்லாம் பம்பை மேளம் அடிப்பவரின் கையில்தான் இருக்கிறது. அசைவை உண்டாக்க அடுத்தடுத்துக் காட்டப்படும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு பிரேம். வினாடிக்கு 12 பிரேம் என்ற கணக்கில் அரை நிமிடத்துக்கு 360 பிரேம்கள் வரும். ஒரு பிரேம் திரையில் நிற்பது ஏறக்குறைய 83 மில்லி வினாடி. வினாடிக்கு நான்கு அடி விழுந்தால் ஓர் அடிக்கு மூன்று பிரேம் கிடைக்கும்: குச்சி மேலே, குச்சி பாதி வழியில், குச்சி தோலின்மேல். மேளம் ஏறி வினாடிக்கு எட்டு அடியானால் ஓர் அடிக்கு ஒன்றரை பிரேம்தான் மிஞ்சும், அரை பிரேம் என்று ஒன்று கிடையாது. அப்போது வேகத்தை 24 பிரேமுக்கு உயர்த்தலாம், அல்லது அழுத்தமாக விழும் அடிகளை மட்டும் ஒலியோடு சரியாகப் பொருத்திவிட்டு, இடைப்பட்டவற்றைக் கை அதிர்வாகக் காட்டிவிடலாம். வேலை இரட்டிக்காது என்பதால் எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும்.

சோதனையை இப்படிச் செய்யலாம். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என மூன்று கைதட்டல்கள் உள்ள அரை நிமிட ஒலியை வேவ் (WAV) கோப்பாகச் சேமித்து, மென்பொருளில் ஏற்றுங்கள். பிரேம்கள் வரிசையாகத் தெரியும் டைம்லைனைக் கையால் நகர்த்தும்போது ஒலி கேட்கிறதா, ஒலியின் அலைவடிவம் தெரிகிறதா என்று பாருங்கள். தட்டல் விழும் மூன்று பிரேம்களிலும் ஒரு கறுப்பு வட்டத்தை வரைந்து, எம்பி4 ஆக வெளியேற்றி ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் ஒலியின் தொடக்கத்தை நகர்த்தினால் போதும். போகப் போக விலகல் கூடினால் பிரேம் வேகம் எங்கோ மாறியிருக்கிறது என்று பொருள். எம்பி3 கோப்புகளின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துகொள்வது உண்டு என்பதால் வேலை முடியும்வரை வேவ் கோப்பையே பயன்படுத்துவது நல்லது.

பழைய மடிக்கணினி வைத்திருக்கும் மாணவருக்கு நான் முதலில் சொல்வது பென்சில்2டி. அது இலவசம், இலகுவானது, ஒலிக்கென்று தனி அடுக்கு உண்டு, வேகமும் 12 பிரேமிலேயே தொடங்குகிறது. ஒலியை வெட்டித் திருத்தும் வசதி அதில் இல்லாததால் அந்த வேலையை ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் முடித்துக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு பிரேமையும் வரையாமல் வடிவங்களை நகர்த்தியே வேலையை முடிக்க விரும்புகிறவருக்குச் சின்ஃபிக் பொருந்தும். ஓப்பன்டூன்ஸ் 2016இல் திறமூலமாக, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியபடி, வெளியிடப்பட்டது. ஒலியின் அலைவடிவத்தைப் பிரேம் வரிசைக்குப் பக்கத்திலேயே காட்டுவதால் வாயசைவுக்கு மிகவும் ஏற்றது, ஆனால் பழகக் காலம் பிடிக்கும். கிருதாவில் தூரிகைகள் அருமையாக இருந்தாலும் நினைவகம் குறைந்த கணினியில் அது திணறும். பிளெண்டர் எல்லாம் செய்யும், ஆனால் அரை நிமிடப் படத்துக்கு அவ்வளவு பெரிய மென்பொருள் தேவையில்லை.

ஸ்கிராட்ச் பலருக்குப் பள்ளியிலேயே பழக்கமாகியிருக்கும். அதில் அசைவும் ஒலியும் கட்டளைக் கட்டங்களால் இயங்குகின்றன. கணினி மெதுவானால் அசைவு பின்தங்கும், ஒலி தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். நேரடியாக வீடியோவாக வெளியேற்றும் வசதியும் இல்லை, திரையைப் பதிவுசெய்துதான் எடுக்க வேண்டும். பேசும் பாத்திரங்களுக்கு அது போதும், பம்பைக்குப் போதாது. கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் ஃபிளிப்பாகிளிப்பில் தொடங்கலாம். இலவசப் பதிப்பு படத்தின்மேல் தன் முத்திரையைப் பதித்துவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். பழைய மல்டிமீடியா பாடப்புத்தகங்களில் இருக்கும் ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளின் பயிற்சிகளை நம்பி இறங்க வேண்டாம். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது.

குரலோடு இரைச்சல் சேராதிருக்க, வேலூர் வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவுசெய்யுங்கள் என்று சொல்வது கொடுமைதான்; விடியற்காலையில் பதிவுசெய்தால் அந்த வேதனை குறையும். நிறுத்தவே முடியாவிட்டால், பேசத் தொடங்குமுன் விசிறியின் ஓசையை மட்டும் சில வினாடிகள் பதிவுசெய்து வையுங்கள். ஆடாசிட்டியின் இரைச்சல் குறைக்கும் வசதிக்கு அந்தத் துண்டை மாதிரியாகக் கொடுத்துவிட்டு, பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே வசதியை மீண்டும் இயக்க வேண்டும். அளவு மீறினால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

பிரேம் வேகத்தை முதல் படம் வரைவதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் பொருத்திய அடிகளெல்லாம் இடம் பெயரும். வெளியேற்றும்போது ஜிஃப் வடிவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதில் ஒலிக்கு இடமே கிடையாது. வேறு கணினிக்கு எடுத்துச் செல்வதானால் படக்கோப்பையும் ஒலிக்கோப்புகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, கோப்புறையை அப்படியே நகலெடுங்கள். சில மென்பொருள்கள் ஒலியைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் அது இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்வதால், ஒலிக்கோப்பு இடம் மாறினால் படம் ஊமையாகத்தான் ஓடும்.