ஆங்கிலம் தெரியும் என்ற தைரியத்தில் பிரிட்டனில் நாம் செய்யும் தவறுகள்

லீட்ஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். காலையில் எதிரே வந்த சக ஊழியர் என்னைப் பார்த்து "ஆல் ரைட்?" என்றார். என் முகம் வாடியிருப்பதைப் பார்த்துத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ராத்திரி தூங்காததையும் அறை குளிர்வதையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவர் கேட்டது கேள்வியே இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. நம் ஊரில் வழியில் பார்ப்பவரை "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று கேட்போமே, அதைப் போன்ற ஒரு வணக்கம் அது. பதிலுக்கு நாமும் "ஆல் ரைட்?" என்றால் போதும்.

இந்தியாவிலிருந்து கிளம்பும்போது குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். பேச்சைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. நமக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே! நான் பார்த்தவரை முதல் வருடத்தில் நம்மவர்கள் படும் மனக்கஷ்டத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. இவர்கள் பேசுவது நாம் படித்த அதே சொற்கள்தான், ஆனால் அவற்றின் எடை வேறு. "நாட் பேட்" என்றால் நல்ல பாராட்டு. நம் வேலையை "கொயட் குட்" என்றால் பெரும்பாலும் சுமார் என்று பொருள். "இதை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நினைக்கிறேன்" என்று மேலாளர் மெதுவாகச் சொன்னால், அது யோசனை அல்ல, மாற்றச் சொல்லும் உத்தரவு. குரல் உயரவில்லை என்பதற்காக விஷயம் சிறியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னுடன் வேலை பார்த்த தம்பி ஒருவன் இப்படி மூன்று முறை சொன்னதைக் கவனிக்காமல் விட்டான். வருட இறுதியில் அவனைப் பற்றி எழுதியதைப் படித்து அதிர்ந்து போனான். அவனிடம் யாரும் கோபப்பட்டதே இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. முடியாது என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைத்து நாம் எதற்கும் சரி என்கிறோம். கேட்டவர் அந்தச் "சரி"யை வாக்காக எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அதை எதிர்பார்த்திருப்பார். முடியாவிட்டால் திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள். அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. கடைசி நாளில் சொன்னால்தான் நம்பிக்கை போகிறது.

சாப்பாட்டுச் சொற்களும் அப்படித்தான். வடக்கு இங்கிலாந்தில் பலருக்கு "டீ" என்றால் மாலை ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பிடும் இரவு உணவு. டீக்கு வா என்றதும் நம்மவர் ஒருவர் வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அங்கே மேசை நிறைய சமைத்து வைத்திருந்தார்கள். அதே சமயம், "ஒருநாள் நீங்கள் கட்டாயம் வீட்டுக்கு வரணும்" என்பது அன்பான பேச்சு மட்டுமே. நாளும் மணியும் சொன்னால்தான் அது அழைப்பு. இது தெரியாமல் காத்திருந்து, கூப்பிடவில்லையே என்று மனம் நொந்தவர்கள் பலர்.

அங்கிருந்து அடுத்த தவறு வருகிறது, என் பார்வையில் இதுதான் பெரியது. இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, நம் ஆட்களோடு மட்டும் ஒதுங்கிவிடுவது. இங்கே நட்பு மெதுவாகத்தான் வரும். சம்பளம், கல்யாணம், குழந்தை பற்றி முதல் வாரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. வானிலையில் தொடங்கலாம், அவர்கள் நாயைப் பற்றிக் கேட்கலாம். வேலை முடிந்து பப்புக்குக் கூப்பிட்டால், குடிக்காதவர்களும் போங்கள். வெறும் ஆரஞ்சு ஜூஸ் வாங்கினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பெரும்பாலான பப்களில் மேசைக்கு வந்து கேட்க மாட்டார்கள், கவுன்டரில் போய்த்தான் வாங்க வேண்டும். ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்த முறை இன்னொருவர் வாங்குவார். அந்த முறை நமக்கு வரும்போது தவறவிடக் கூடாது. ஆபீஸில் ஆறு மாதத்தில் கிடைக்காத நெருக்கம் அங்கே ஒரு மாலையில் கிடைக்கும். ஒரு விஷயம்: ஸ்காட்லாந்துக்காரரையோ வேல்ஸ்காரரையோ இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். அது அவர்களுக்கு உண்மையிலேயே வலிக்கும்.

இனி உடம்பு. ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரிடம் பதிவு செய்வதைக் காய்ச்சல் வரும்வரை தள்ளிப்போடுகிறார்கள். விசா எடுக்கும்போதே மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பீர்கள்: 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776. அவ்வளவு கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் இருக்கலாமா? பதிவு இலவசம். வந்த வாரமே செய்யுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999, அவசரம்தான் ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்றால் 111. டாக்டரிடம் மட்டும் இந்த ஊர் அடக்கம் வேண்டாம். வலி தாங்க முடியவில்லை என்றால் தாங்க முடியவில்லை என்றே சொல்லுங்கள். "பரவாயில்லை" என்றால் அவர் அப்படியே எழுதிக்கொள்வார்.

வீட்டு விஷயத்தில் நான் பணம் இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு டெபாசிட் கொடுத்தால், வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு, விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. எனக்கு இது எதுவும் தெரியாது. கேட்பது மரியாதையாக இருக்குமா என்ற தயக்கம் வேறு. காலி செய்தபோது, நான் வருவதற்கு முன்பே இருந்த கறைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேசியிருக்கலாம். குடிபோகும் அன்றே ஒவ்வொரு சுவரையும் ஜன்னலையும் அடுப்பையும் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். குளிர்காலத்தில் ஜன்னலை மூடியே வைத்து, ஈரத்துணியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காயப்போட்டு, தினம் குழம்பும் கொதித்தால் சுவரில் பூஞ்சை வரும். தினமும் சிறிது நேரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள். தோசைக்கல் புகைந்ததும் அலாரம் கத்துகிறது என்று அதன் மேல் பிளாஸ்டிக் உறை கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், அது உயிர் காக்கும் கருவி.

உள்ளாட்சிக்கு வீட்டுக்காகக் கட்டும் வரியான கவுன்சில் டாக்ஸில் தனியாக இருப்பவருக்கு 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. ஆனால் நாமாக விண்ணப்பிக்க வேண்டும். நேரலையில் டிவி பார்த்தால், அது லேப்டாப்பில் என்றாலும், டிவி லைசென்ஸ் வேண்டும்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. நம் கைப்பழக்கம் எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதற்கு ஒரு உதாரணம்: நம் ஊரில் எதிர் வண்டி லைட் அடித்தால் "நான் வருகிறேன், நில்" என்று அர்த்தம். இங்கே பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்ற அர்த்தத்தில்தான் அடிக்கிறார்கள். நான் முந்திப் போக லைட் அடித்தேன், எதிரே இருந்தவர் நான் வழிவிடுகிறேன் என்று நம்பி வண்டியைத் திருப்பினார். மயிரிழையில் தப்பினோம். அன்றிலிருந்து அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டேன்.

டிசம்பரில் இந்த ஊரில் மாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மனச்சோர்வு வந்தால் அதை ஊர் நினைப்பு என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். மதிய இடைவேளையில் கால்மணி நேரமாவது வெளியே நடங்கள். நம் போன்ற நிறத்தவர்கள் வருடம் முழுக்க தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பது பற்றி யோசிக்கலாம் என்று இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸே சொல்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு ரயிலில் போகலாம் என்று திட்டமிடாதீர்கள். அன்று ரயில் கிடையாது, பெரிய கடைகளும் திறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. முதல் இரண்டு வருடமும் அந்த நாளில் அறையில் தனியாகத்தான் இருந்தேன். மூன்றாவது டிசம்பரில் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். அதுவரை வேலிக்கு மேலே மழையைப் பற்றித்தான் பேசியிருந்தோம். "இருபத்தைந்தாம் தேதி, ஒரு மணிக்கு. உங்களுக்குக் கறி இல்லாமல் தனியாகச் செய்கிறேன்" என்றார். நாளும் சொன்னார், மணியும் சொன்னார்.