காலிங் பெல் அடித்தாலே கச்சேரி வைக்கும் ஸ்பிட்ஸுக்கு

நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் நாய்தான். காவலில் கெட்டி, குரைக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. "சும்மா இரு" என்று கத்தாதீர்கள், நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டு பெல் சத்தத்தை போனில் பதிந்து, காதில் விழுந்தும் விழாத அளவில் ஒலிக்க விடுங்கள். ஒலித்த நொடியே, வாசலிலிருந்து 10 அடி தள்ளி விரித்த பாயில் பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு ஒன்று (உப்பு, வெங்காயம் வேண்டாம்). வேளைக்கு 10 தடவை, தினம் 2 வேளை. இரண்டு நாள் அமைதியாக இருந்தால் மட்டும் சத்தத்தைச் சற்றுக் கூட்டுங்கள். குரைத்துவிட்டதா? அவசரப்பட்டது நீங்கள்தான், பழைய அளவுக்கே இறங்குங்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியில் பேப்பர் ஒட்டினால் தெருப்பூனைக்கான கச்சேரியும் குறையும்.