உத்தரவு எங்கிருந்து வருகிறது? காவல்துறைப் படங்களைப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

காவல்துறையின் அதிகாரத்தையும் ஊழலையும் பேசும் அரசியல் குற்றப் படங்களைப் புதிதாகப் பார்ப்பவர்கள், குற்றவாளி யார் என்று தேடுவதிலேயே கவனத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்துவிடும். தேட வேண்டியது உத்தரவின் ஊற்றுக்கண்ணை.

முதல் முறை குறிப்பெடுக்காமல், இடையில் நிறுத்தாமல் பாருங்கள்.

இரண்டாம் முறை, பாத்திரங்களைப் பதவி வரிசையில் ஒரு தாளில் எழுதி, உத்தரவிடுபவரிடமிருந்து அதை நிறைவேற்றுபவருக்கு அம்புக்குறி இடுங்கள். இதற்கு வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) நல்ல தொடக்கம். குண்டூரில் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி அடிக்கப்படுகிறார்கள். காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை இந்தியச் சட்டம் சான்றாக ஏற்பதில்லை. நீதிபதியின் முன்னிலையிலேயே அவர்களைத் தலையாட்ட வைக்க வேண்டியிருப்பதால்தான் அத்தனை அடி. பிற்பாதியில் அதே வன்முறை, அரசியல்வாதிகளின் பணக்கணக்கு அறிந்த ஆடிட்டர் ஒருவர்மீது திரும்புகிறது. இரு பாதிகளுக்கும் தனித்தனியே வரையுங்கள். முன்பாதியின் கோடு வழக்கை முடிக்கச் சொல்லும் மேலதிகாரியோடு நிற்கும். பின்பாதியின் கோடு கட்சி அரசியலுக்குள் நுழையும்.

அடுத்து, சொற்களைக் கவனியுங்கள். கோஸ்தா காவ்ராஸின் 'இசட்' (1969), கிரேக்க நாடாளுமன்ற உறுப்பினர் கிரிகோரிஸ் லாம்ப்ராகிஸ் 1963இல் தெசலோனிகியில் தாக்கப்பட்டு இறந்ததை அடிப்படையாகக் கொண்டது. உண்மைச் சம்பவங்களோடு காணும் ஒற்றுமை வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று படமே தொடக்கத்தில் அறிவித்துவிடுகிறது. காவல் அதிகாரிகள் விபத்து என்றே சாதிக்கும் அந்த மரணத்தை யார், எந்தக் காட்சியில் முதன்முதலாகக் கொலை என்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நேர்மையான ஒற்றை அதிகாரி எல்லோரையும் அடித்துத் திருத்தும் படங்களை இப்பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். அவற்றில் சட்டத்தை மீறும் அதிகாரமே கைத்தட்டலும் வாங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

எலியோ பெத்ரியின் 1970ஆம் ஆண்டு இத்தாலியப் படமான 'சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரு குடிமகன் மீதான விசாரணை'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொலை செய்த காவல் உயரதிகாரி தன்னையே காட்டிக்கொடுக்கும் தடயங்களை வேண்டுமென்றே விட்டுச் செல்கிறார். சக அதிகாரிகளோ அவற்றைக் காண மறுக்கிறார்கள். மறைக்கும்படி அவர் யாருக்கும் உத்தரவிடவில்லை. ஆகவே அம்புக்குறியைக் கீழிருந்து மேலாக வரைய வேண்டியிருக்கும்.