சரிக்கட்டும் விசில்: புதிய கால்பந்து நடுவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்பளம் மைதானத்திலோ, புதுவையின் கடலோரக் குப்பங்களுக்கு இடையிலான ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலோ முதன்முதலாக விசில் பிடிக்கும் இளைஞர்கள், விதிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தும், கோட்டுக்கு வெளியிலிருந்து வரும் குரல்களிடம்தான் சறுக்குகிறார்கள்.

சறுக்கல்களில் பெரியது சரிக்கட்டுவது. முதல் பாதியில் தவறான பெனால்டி கொடுத்துவிட்டோமோ என்று மனம் உறுத்த, பயிற்சியாளரும் விடாமல் கத்த, இரண்டாம் பாதியில் அவருடைய அணிக்கு ஒன்றைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கிறார் நடுவர். தவறு இரண்டாகிறது, கத்தினால் கிடைக்கும் என்பதை இரண்டு பெஞ்சுகளும் தெரிந்துகொள்கின்றன. ஆட்டம் மீண்டும் தொடங்காத வரை, லைன்மேனிடம் கேட்டுத் தீர்ப்பை மாற்றிக்கொள்ள 5ஆம் விதியே இடம் தருகிறது. தொடங்கிவிட்டால் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

கூட்டத்தின் இரைச்சல் தன்னை அசைக்காது என்று நம்புவதும் ஆபத்து. 2002இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்கள் காட்டப்பட்டன. ரசிகர்களின் சத்தத்தோடு பார்த்தவர்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்களைவிட, சொந்த மைதான அணிக்கு எதிராக 15.5 விழுக்காடு குறைவான ஃபவுல்களையே கொடுத்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் பார்த்தது வீடியோ. தண்ணீர் பாக்கெட் எதுவும் அவர்கள்மேல் வந்து விழவில்லை. ஆகவே கூட்டம் ஒரே குரலில் “ஹேண்டு” என்று கூவும்போது, ஊதுவதற்கு முன் ஒரு மூச்சு நிதானித்து, கை எங்கே இருந்தது என்பதைக் கண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

விளக்கம் சொல்லப் போய் நானே மாட்டியிருக்கிறேன். ஆஃப்சைடு ஏன் என்று புரியவைப்பதாக நினைத்து, பயிற்சியாளரின் முன் நின்று காற்றில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் இரண்டு ஆட்டக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் மரியாதையாகக் கேட்டால், “காலைத் தட்டினார்” என்று ஓடியபடியே சொல்வது போதும்.

கடைசியாக, காது கேளாதவர்போல் எண்பது நிமிடம் பொறுத்துவிட்டு, திடீரென்று பயிற்சியாளரிடம் சிவப்பு அட்டையை நீட்டுவது. அவருக்கும் மஞ்சள் அட்டை காட்டலாம் என்று 2019 முதல் விதியில் இருக்கிறது. பெஞ்சிலிருந்து திட்டியவர் யாரென்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளரே அந்த அட்டையை ஏற்க வேண்டும். இதை ஆட்டத்துக்கு முன்பே இரு தரப்புக்கும் சொல்லிவைத்தால், பெஞ்சைப் பெரும்பாலும் அவரே அடக்கிவிடுவார்.